பாகுலா 9-லிருந்து 13: சர்வர் முதலா, கிளையன்ட் முதலா?

கேள்வி – ராயபுரம்_சிஸ்டம்ஸ்
மண்ணடி கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் பேக்கப் எடுக்கும் மென்பொருளான பாகுலா 9.6 ஓடுகிறது. டெபியன் சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கேட்டலாக் (பேக்கப் விவரப் பதிவு), 14 விண்டோஸ் கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் மெஷின்). ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் 13-க்கு ஏற்றலாமா? எதை முதலில் தொடுவது?

பதில் – தண்டையார்பேட்டை_பேக்கப்
சர்வர்தான் முதலில். டைரக்டரும் (ஜாப்களை நடத்துவது) ஸ்டோரேஜ் டீமனும் (பேக்கப்பை டிஸ்க்கில், டேப்பில் எழுதுவது) ஒரே வெர்ஷனில் இருந்தாக வேண்டும். கிளையன்ட் பழசாக இருக்கலாம், டைரக்டரை விடப் புதுசாக இருக்கக் கூடாது. அதனால் 14 கிளையன்ட்டையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரம் வேண்டாம்.

ஓடும் ஜாப் எல்லாம் முடிந்ததும் சர்வீஸை நிறுத்தி, பிஜி_டம்ப் (கேட்டலாக் டேட்டாபேஸின் நகல்) எடுத்து வேறு டிஸ்க்கில் போடுங்கள். செட்டிங்ஸ் இருக்கும் /ஈடிசி/பாகுலா ஃபோல்டரையும் சேர்த்து. பேக்கேஜ் ஏற்றியபின் அப்டேட்_பாகுலா_டேபிள்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டாவிட்டால் கேட்டலாக் வெர்ஷன் பொருந்தாமல் டைரக்டர் எழும்பவே எழும்பாது. நடுவில் கரண்ட் போனால் டேபிள் அரைகுறையாகலாம். யூபிஎஸ் பேட்டரியை முந்தின நாளே பாருங்க.

பதில் – காசிமேடு_லினக்ஸ்
அண்ணன் சொன்னது சரி. விண்டோஸில் கிளையன்ட் செட்டிங்ஸ் இருக்கும் பாகுலா-எஃப்டி.கான்ஃப் ஃபைலை முதலில் காப்பி எடுங்க. பாஸ்வேர்ட் அதில்தான்; மாறினால் கிளையன்ட் டைரக்டரை உள்ளே விடாது. ஃபயர்வாலில் 9102 போர்ட் திறந்திருக்கணும். ஒரு மெஷினில் ஏற்றி, ஒரு ஃபோல்டரை ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்க. ஜாப் ‘ஓகே’ காட்டுவது மட்டும் போதாது.

ராயபுரம்_சிஸ்டம்ஸ்
நன்றிண்ணே. இந்த ஞாயிறு சர்வர் மட்டும்.