மூணாவது மதிப்புக்கு ஒரு சொல் வேணும் (அவசரம்!)

டீச்சரம்மா:
எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை எங்க ஸ்கூல்ல நாணயக் கண்காட்சி, விளக்க அட்டையெல்லாம் ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பிரிண்டுக்குப் போகணும். ஒவ்வொரு காசுக்கும் மூணு மதிப்பு எழுதுறோம். 1918 வெள்ளி ரூபாய எடுத்துக்குங்க, மேல அடிச்சிருக்கிற ஒரு ரூபாய் முகமதிப்பு. எடை 11.66 கிராம், அதுல நூத்துக்கு 91.7 வெள்ளி, உருக்கினா என்ன தேறுமோ அது உலோக மதிப்பு. மூணாவது, காசு சேக்கிறவங்க குடுக்கிறது. அதுக்கு 'சேகரிப்பு மதிப்பு'ன்னு எழுதி வச்சேன், எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் "முழு ஆல்பமும் எவ்வளவு போகும்னா மிஸ்?"னு கேட்டுட்டான். அதுலருந்து மண்டை குடையுது.

நியூஸ்டெஸ்க்:
'சேகரிப்பாளர் மதிப்பு'ன்னு போட்டு முடிங்க.

வெண்பாப்பிரியை:
அது சேகரிப்பாளருக்கு ஊர்ல இருக்கிற மரியாதை மாதிரி இருக்கே :) அதோட நாணயம் வடசொல். காசுன்னே எழுதலாமே, நம்ம காசுதான் போர்ச்சுகீசியர் வாயில பூந்து, ஆசியாவோட சின்னக் காசுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற கேஷ் ஆச்சு (ரொக்கம்ங்கிற கேஷ் வேற சொல்லு). 'காசருமை' எப்படி?

நியூஸ்டெஸ்க்:
காசருமைன்னா காசோட அருமை தெரியாத பிள்ளைக்கு அப்பா பண்ற அட்வைஸ்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
சொல் ஏற்கெனவே இருக்கு, நாமதான் தொலைச்சுட்டோம். திருவீழிமிழலையில பஞ்சம் வந்தப்ப சிவன்கிட்டருந்து அப்பருக்குக் கிடைச்ச காசு அப்படியே செல்லுபடியாச்சு, சம்பந்தருக்குக் கிடைச்சதுக்குக் கடையில வட்டம் (கழிவு) புடிச்சாங்க, அதான் 'வாசி தீரவே காசு நல்குவீர்'னு பாடினார். வாசின்னா காசோட பேரளவுக்கும் கைக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். கீழ போனா கீழ்வாசி, மேல போனா மேல்வாசின்னு வச்சுக்கலாம், டீச்சர் கேக்கிற மூணாவது மதிப்பு மேல்வாசிதான். சோழர் கல்வெட்டுல 'அன்றாடு நற்காசு'ன்னு வரும், அன்னிக்குப் புழக்கத்துல இருந்த நல்ல காசு. அப்படின்னா புழக்கத்துக்கே வராத புதுக்காசை 'அன்றாடாக் காசு'ன்னு சொல்லலாம். காசு சோதிக்கிறவர் பேரு வண்ணக்கன், சங்கப் புலவர்லயே வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் இருக்கார். சோதிக்கிறது நோட்டம், இப்ப வீட்டை நோட்டம் விடுறதுக்கு மட்டும்தான் அந்தச் சொல்லு மிஞ்சியிருக்கு, இதுல இன்னொரு

(மீதி அடுத்த மடல்ல)

உண்டியல்:
ஐயா, கோவிச்சுக்காதீங்க. வாசின்னா பசங்களுக்குப் புக்கு வாசிக்கிறது, இல்லன்னா சென்னைவாசி, பெரியவங்களுக்கு சித்தர் மூச்சு. நான் இருபது வருஷமா காசு சேக்கிறவன், சொல்றேன், இங்க சிக்கல் மூணாவது சொல்லுல இல்ல, மதிப்பா விலையாங்கிறதுல. கேட்டலாக்ல ஒண்ணு போட்டிருக்கும், அதையே கடைக்கு எடுத்துட்டுப் போனா பாதிகூடத் தரமாட்டான். எங்க பாட்டி பெட்டியில ஒரு ஜார்ஜ் ரூபாய் கெடந்துச்சு, ஓரம் தேயாம நீலமும் பழுப்புமா நிறம் ஏறி அவ்வளவு அழகு. தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சுட்டாங்க. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, லென்ஸ் வச்சுப் பாத்தா ராஜா கன்னம் பூரா முடிக்கீறல். வியாபாரி ஒரே தடவை திருப்பிப் பாத்துட்டு "வெள்ளி வெலைதான் தம்பி"ன்னு தராசுல போட்டார். முகமதிப்பு போகல, உலோக மதிப்பும் போகல, போனதுக்குத்தான் டீச்சர் பேர் கேக்கிறாங்க. அட்டையில காசு அடிச்ச நாணயச்சாலையோட குறியையும் போடுங்க டீச்சர், இப்பத்திய காசுல வருஷத்துக்குக் கீழ வைரக்குறின்னா மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒண்ணும் இல்லன்னா கொல்கத்தா, அதே வருஷக் காசே குறி மாறினா விலை மாறும். வாட்ஸப்ல வர்ற 'வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபாய்க்கு லட்சம்' கதையை நம்ப வேணாம்னும் ஒரு வரி, ரிசர்வ் வங்கியே 2021-ல எச்சரிக்கை விட்டுச்சு.

யாழ்:
இஞ்ச நாங்கள் நாணயக்குற்றி எண்டுதான் சொல்லுறனாங்கள், பாடப்புத்தகத்திலயும் அதுதான். ஒருத்தரும் அதை யோசிக்கேல்லையோ?

டீச்சரம்மா:
குற்றி அழகா இருக்கு, ஆனா எங்க பசங்க ஊசி குத்துறதுன்னு நினைப்பாங்க. இன்னொண்ணு, 'ப்ரூஃப் செட்' நாலு இருக்கு. மெஷின் 'ஆதாரத் தொகுப்பு'ன்னு மொழிபெயர்த்துருச்சு.

நியூஸ்டெஸ்க்:
ஆதார் கார்டோட வந்தாத்தான் பாக்க விடுவாங்க.

உண்டியல்:
ப்ரூஃப்னா காசோட நிலைமை இல்ல, செய்முறை. அச்சையும், காசாகப் போற வெறும் வில்லையையும் மெருகேத்தி ஒரு தடவைக்கு மேல அடிக்கிறது. 'மெருகச்சு' போடலாம். செட்டுக்கு, நாணயச்சாலை குடுத்த பெட்டி, சீட்டு எல்லாம் அப்படியே இருந்தாத்தான் விலை, பிரிச்சுட்டா தனித்தனிக் காசுதான்.

வெண்பாப்பிரியை:
செட்டுக்குக் 'கோவை'.

நியூஸ்டெஸ்க்:
பஸ் ஏறிருவாங்க. தொகுதி.

உண்டியல்:
தொகுதின்னா எம்.எல்.ஏ.வைக் கேப்பாங்க. செட்டுன்னே விடுங்க.

டீச்சரம்மா:
மணி பத்தரை, பிரிண்ட் கடைக்காரர் ஷட்டர்ல கை வச்சுட்டார். 'சேகரிப்போர் விலை', 'மெருகச்சு செட்' அனுப்பிட்டேன். யாரும் வேணாம்னு சொல்லாததால எல்லாருக்கும் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
நான் சரின்னு சொல்லல. கீழ சின்ன எழுத்துல 'மேல்வாசி'ன்னு ஒரு அடைப்புக்குறியாவது போட்டிருக்கலாம். நோட்டம் பத்தின மீதி நாளைக்கு.