வரவேற்பு மெயிலிலேயே பாஸ்வேர்டு போகிறது: வூகாமர்ஸில் எப்படி நிறுத்துவது?

கேள்வி:
வேர்ட்பிரஸ், அதில் ஆன்லைன் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகின் (கூடுதல் மென்பொருள்), இரண்டும் புதுப் பதிப்புதான். ஆனாலும் வாடிக்கையாளர் கணக்குத் தொடங்கியதும் போகிற தானியங்கி மெயிலில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கின்றன. அதன் பிசிசி நகல் (பெறுபவருக்குத் தெரியாமல் போகும் நகல்) கடையின் பொது இன்பாக்ஸுக்கும் வருகிறது. எங்கே மாற்ற வேண்டும்?

பதில் 1:
பாஸ்வேர்டை மெயிலில் அனுப்புவதை வேர்ட்பிரஸ் 2015-இல் 4.3 பதிப்போடு நிறுத்திவிட்டது. வூகாமர்ஸும் 6.0 முதல் பாஸ்வேர்டு அமைக்கும் லிங்க்கைத்தான் அனுப்புகிறது. உங்களுக்கு இன்னும் போகிறதென்றால் தீமுக்குள் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகள்) பழைய மெயில் டெம்ப்ளேட் (மெயிலின் வாசகமும் வடிவமும் உள்ள கோப்பு) கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். தீமில் உள்ள நகலுக்குத்தான் முன்னுரிமை. பிளகினை அப்டேட் செய்தாலும் அது மாறாது.

வூகாமர்ஸ் மெனுவில் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியில் டெம்ப்ளேட்ஸ் பகுதி இருக்கிறது. 'கஸ்டமர்-நியூ-அக்கவுண்ட்' கோப்பு அங்கே பழைய பதிப்பு எண்ணோடு நின்றால் அதுதான் காரணம். பேக்கப் எடுத்துவிட்டுத் தீமிலிருந்து அதை நீக்குங்கள். சொந்த வாசகம் வேண்டுமானால் பிளகினில் உள்ள புதிய கோப்பைச் சைல்டு தீமுக்கு (சொந்த மாற்றங்களைத் தனியே வைக்கும் துணைத் தீம்) நகலெடுத்துத் திருத்துங்கள். 'பிளெய்ன்' ஃபோல்டருக்குள்ளும் இதே பெயரில் ஒன்று இருக்கலாம். அதை விட்டுவிட்டால் டெக்ஸ்ட் வடிவ மெயிலில் பாஸ்வேர்டு தொடர்ந்து போகும். கடைசியாக, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் பாஸ்வேர்டு செட்டப் லிங்க் அனுப்பும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2:
இதோடு விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே மெயிலில் போன பாஸ்வேர்டுகள் இன்னும் வேலை செய்யும். பிசிசி இன்பாக்ஸ், மெயில் லாக் பிளகின் (அனுப்பிய மெயில்களைப் பதிந்து வைப்பது) இருந்தால் அதன் டேட்டாபேஸ் டேபிள், அதன் பேக்கப் என மூன்று இடத்திலும் அவை தங்கியிருக்கும். பிசிசியை நிறுத்துங்கள், லாக்கில் மெயில் உள்ளடக்கம் சேமிப்பதை அணைத்துப் பழையவற்றை அழியுங்கள்.

யூசர்ஸ் பக்கத்தில் எல்லோரையும் தேர்ந்து 'சென்ட் பாஸ்வேர்டு ரீசெட்' கொடுத்தால் லிங்க் மட்டும்தான் போகும். வாடிக்கையாளர் மாற்றும்வரை பழைய பாஸ்வேர்டு வேலை செய்யும். உடனே செல்லாததாக்க, டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளைகள் தட்டச்சு செய்து இயக்கும் கருவி) தரும் 'யூசர் ரீசெட்-பாஸ்வேர்டு' கட்டளைதான் சரி. திறந்திருக்கும் லாகின்களும் அதோடு வெளியேறிவிடும். முன்கூட்டியே ஒரு அறிவிப்பு மெயில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கடைக்கு போன் குவியும்.

கேள்வி கேட்டவர்:
டெம்ப்ளேட்தான் காரணம், சரியாகிவிட்டது. நன்றி சார். ஆனால் பாஸ்வேர்டு அமைக்கும் லிங்க் வேலை செய்யவில்லை என்று சில வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்.

பதில் 3:
லிங்க்கின் ஆயுள் 24 மணி நேரம். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கீதான் (லிங்க்கில் உள்ள ரகசியக் குறியீடு) சேமிக்கப்படும். மெயில் தாமதமாகிறது என்று 'லாஸ்ட் பாஸ்வேர்டு' அழுத்தினால் புதுக் கீ வந்து முந்தைய லிங்க் செத்துவிடும். முதலில் வந்த மெயிலைத் திறப்பவருக்குப் பிழைதான் வரும். 'கடைசியாக வந்த மெயிலில் உள்ள லிங்க்கை மட்டும் அழுத்தவும்' என்று டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

மெயில் அனுப்பும் சேவையில் கிளிக் டிராக்கிங் (லிங்க்கை யார் அழுத்தினார்கள் என்று கண்காணிப்பது) இருந்தால் இந்த மெயிலுக்கு மட்டுமாவது அணைத்துவிடுங்கள். அது லிங்க்கைத் தன் முகவரிக்கு மாற்றி எழுதுகிறது. ரீசெட் கீ மூன்றாம் தரப்பு சர்வர் வழியாகப் போக வேண்டிய தேவையே இல்லை.