தாத்தாவின் பெட்டியில் ஓர் அரபு மன்னரின் படம்: இவர் யார், எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி (புளியரையிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் என் தாத்தா இராக்கிலுள்ள பஸ்ராவுக்குச் சென்று துறைமுகத்தில் கணக்கெழுதினார். சென்ற வாரம் அவருடைய தகரப் பெட்டியில் அஞ்சலட்டை அளவுள்ள ஒரு புகைப்படமும், ஓர் உறையில் ஏழு தபால் தலைகளும் கிடைத்தன. படத்தில் இருப்பவருக்கு ஒடுங்கிய முகம், குறுந்தாடி. படகைப்போல் மடித்த கறுப்புத் தொப்பி அணிந்திருக்கிறார். படத்தின் பின்புறம் நடுவில் ஒரு கோடு மட்டும் உண்டு. தபால் தலைகளில் நான்கின் விலை அணாவில் இருக்கிறது. மற்ற மூன்றில் அணாவின்மேல் ஃபில்ஸ் என்று அச்சடித்திருக்கிறார்கள். மன்னரே தாத்தாவுக்குக் கையால் கொடுத்த படம் என்று பாட்டி சொல்லி வந்தார். அதை நம்பலாமா? படத்தில் பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன; துடைக்கலாமா?

பதில் (கொழிஞ்சாம்பாறையிலிருந்து):
நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், 1921 ஆகஸ்ட் 23 அன்று இராக்கின் அரியணை ஏறிய முதலாம் பைசல் என்றே கருதுகிறேன். அந்தத் தொப்பியின் பெயர் சிதாரா. அவர் அணிந்து பரப்பியதால் பைசலிய்யா என்றும் அழைத்தார்கள். 1933இல் அவருக்குப் பின் வந்த மகன் காஸி இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். குறுந்தாடி தந்தையின் அடையாளம். தபால் தலையில் உள்ள முகத்தோடு ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

என்னைப் படத்தைவிட அந்த ஏழு தபால் தலைகளே அதிகம் கவர்கின்றன. இராக்கில் அப்போது நம் இந்திய ரூபாய்தான் செலாவணி என்பதால், 1931இல் வந்த பைசல் தபால் தலைகளுக்கு அணாவிலும் ரூபாயிலும் விலை இட்டார்கள். 1932இல் தினார் வந்தபோது, ஒரு தினாருக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை என்ற கணக்கில் மாற்றி, கையிருப்பில் இருந்த தலைகளின்மேல் ஃபில்ஸ் (தினாரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலையை அச்சடித்தார்கள். இரண்டு வகையும் ஒரே உறையில் இருப்பதால், நாணயம் மாறிய அந்த நாட்களில் உங்கள் தாத்தா அங்கே இருந்திருக்கக்கூடும். கணக்கெழுதியவருக்கு அது எத்தனை பெரிய மாற்றமாக இருந்திருக்கும்!

பாட்டி சொன்னதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் நடுக்கோடு அஞ்சலட்டைக்கு உரியது. மன்னர்களின் உருவப்பட அட்டைகள் கடைகளில் விற்பனைக்குக் கிடைத்தன. அன்பளிப்பாகத் தரும் படங்களைப் பெரும்பாலும் கனத்த அட்டையில் ஒட்டிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார்கள். உருப்பெருக்கியால் பாருங்கள்: சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது, தெரியாவிட்டால் ஒளிப்படத் தாளில் எடுத்தது.

பதில் (பாறசாலையிலிருந்து):
தயவுசெய்து துடைக்காதீர்கள். பழைய படங்களின் மேற்பரப்பு ஜெலட்டின் படலம். ஈரத்துணி பட்டால் அது இளகி உருவமே கலைந்துவிடும். உங்கள் ஊரில் சாரல் காலத்து ஈரக்காற்றில் பூஞ்சை விரைவில் பிடிக்கும். இராமபாணப் பூச்சியும் ஜெலட்டினைத் தின்னும். அமிலமற்ற தாளுறையில் இட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை, ஒட்டுநாடா, கண்ணாடிச் சட்டம் எதுவும் வேண்டாம். கையில் எடுக்கும்போது ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இரு ஐயாமார்களுக்கும் மிக்க நன்றி. தபால் தலையில் உள்ள முகமும் இதுவும் ஒன்றே. உருப்பெருக்கியில் புள்ளிகள் தெரியவில்லை. தலைகளைச் சேகரிப்பவர் ஒருவர் விலைக்குக் கேட்டார். படத்திலிருந்து அவற்றைப் பிரிக்க விருப்பமில்லாததால் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, வெளியுறையின்மேல் பென்சிலால், "மன்னர் கொடுத்தது என்று பாட்டி சொன்னார்" என்று எழுதி, பாட்டியின் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.