உதவி: தமிழ் நிரல்மொழியில் மாறிலியை எப்படி அடையாளம் காட்டுவது? பில் தப்பாக வருகிறது

சாட்ஸ்வர்த்_சனிவகுப்பு
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ச் சொற்களில் ஒரு குட்டி நிரல்மொழி செய்துகொண்டிருக்கிறேன். உள்ளே ஓடுவது பைத்தான் மொழி. போன வாரம் ஒரு மாணவி கடை பில் போட எழுதியது:

வரி = 15
தொகை = 0
ஒவ்வொரு வரி 1 முதல் 3 வரை:
    தொகை = தொகை + விலை[வரி]
முடி
காட்டு தொகை + தொகை * வரி / 100

சரக்கு 200 ராண்ட். 230 வரவேண்டும், 206 வந்தது. பாவம், மூன்று தடவை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். மேலே உள்ள வரி வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. 'ஒவ்வொரு' சுற்றில் உள்ள வரி பில்லில் ஒரு பொருளை எழுதும் அடி. சுற்று முடிந்தபோது அதன் மதிப்பு 3. ஆங்கிலத்தில் மாறிலியை, அதாவது மதிப்பு மாறாத பெயரை, பெரிய எழுத்தில் எழுதிப் பிரித்துக்கொள்கிறார்கள். நம் எழுத்தில் அது இல்லையே! 'மாறி', 'மாறிலி' என்று இரண்டு கட்டளைச் சொல் வைக்கலாமா?

மாரிட்ஸ்பர்க்_ஆசிரியை
வேண்டாம் தம்பி. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். கடைசியில் ஒரு 'லி' கண்ணில் படாது. 'மா_வரி' என்று முன்னொட்டு வைத்தால் போதாதா?

ஜோபர்க்_நிரலர்
அக்கா, முன்னொட்டு வெறும் வழக்கம்தான், காவல் இல்லை. பைத்தானில் பெரிய எழுத்துப் பெயருக்கு வேறு மதிப்பு வைத்தாலும் மொழி தடுக்காது. பைத்தான் 3.8 பதிப்பில் வந்த, 'இது மாறாது' என்று சொல்லும் 'ஃபைனல்' குறிப்பும் நிரல் ஓடும்போது தடுக்காது.

எழுத்தின் உருவத்தில் பொருளை ஏற்றிய மொழிகளில் நமக்கு இடமே இல்லாமல் போகிறது. ரூபியில் பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் மாறிலி. தமிழ்ப் பெயர் ஒருநாளும் மாறிலி ஆகாது. கோ மொழியில் அப்படித் தொடங்கும் பெயர்தான் தொகுப்புக்கு வெளியே தெரியும். அதைவிட, புள்ளியும் உயிர்க்குறிகளும் அதில் பெயருக்குள் வரக்கூடாது. 'வரி' என்றே எழுத முடியாது! நீங்கள் செய்யும் மொழியிலாவது இந்தக் குறை வரக்கூடாது.

மாறிக்குக் கட்டளைச் சொல்லே வேண்டாம். 'மாறிலி வரி = 15' என்று மாறிலிக்கு மட்டும் வையுங்கள். அப்போது அக்கா சொன்ன குழப்பம் வராது. அதே பெயருக்கு மறுபடி மதிப்பு வைத்தால் நிரல் நிற்கட்டும்.

சாட்ஸ்வர்த்_சனிவகுப்பு
செய்துவிட்டேன் அண்ணா. 'வரி = 20' என்றால் நிற்கிறது. ஆனால் மாணவியின் நிரல் இன்னும் 206தான் காட்டுகிறது!

ஃபீனிக்ஸ்_அப்பா
நடுவில் ஒரு சந்தேகம். வாட் 2018 ஏப்ரல் 1 அன்று 14இலிருந்து 15 ஆயிற்றே. அதை மாறிலி என்பது சரியா?

ஜோபர்க்_நிரலர்
சரிதான் ஐயா. நிரல் ஓடி முடியும்வரை மாறாது என்பதே பொருள். அரசு மாற்றினால் அந்த ஒரு இடத்தில் திருத்தினால் போதும். பிரவுன் ரொட்டிக்கும் பாலுக்கும் வாட் 0. அதை ஒவ்வொரு பொருளோடும் சேர்த்து வைக்கவேண்டும், அது வேறு வேலை.

தம்பி, 'ஒவ்வொரு' தன் பெயருக்கு எந்த வழியாக மதிப்பு வைக்கிறது? தடையை '=' வரும் இடத்தில் மட்டும் போட்டிருப்பீர்கள். சுற்று, உள்ளீடு எல்லாம் ஒரே வாசலில் நுழையட்டும்.

சாட்ஸ்வர்த்_சனிவகுப்பு
அதேதான்! 'ஒவ்வொரு' நேரே பெயர் அட்டவணையில் எழுதிக்கொண்டிருந்தது. ஒரே செயல்கூறு வழியாகத் திருப்பிவிட்டேன். இப்போது இப்படி நிற்கிறது:

3ஆம் அடி: 'வரி' ஒரு மாறிலி. 1ஆம் அடியில் 15 என்று வைத்தாய். வேறு பெயர் வை.

செய்தியில் முதலில் '3ஆம் வரி' என்றுதான் எழுதியிருந்தேன், அதையும் 'அடி' ஆக்கிவிட்டேன். மாணவி சுற்றுக்கு 'வரிசை' என்று பெயர் வைத்தாள். 230 வந்தது.