சாக்லேட் குக்கீஸுக்குள் பீனட் பட்டர்: உங்களுக்கு என்ன நடந்தது?

தக்கலைக்காரி:
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கேரல் ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஒரே அவசரம். பீனட் பட்டர் வீட்டில் அரைத்து வைத்ததுதான், மேலே எண்ணெய் மிதந்தது. கிளறிவிட்டு, அப்படியே மாவுக்குள் வைத்து உருட்டினேன். வெளியே எடுத்தபோது மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாமி ஒன்றைப் பிட்டார். உள்ளே வெறும் பொந்து. எல்லாம் அடிவழியாக ஒழுகித் தட்டில் பொரிந்து கிடந்தது. மாமி அந்தப் பொந்துக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவி, "கப்பலண்டி கப்பலேறிப் போச்சோ மக்ளே?" என்றார். (கப்பலண்டி என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.) அந்த விரல் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

குளச்சல் காற்று:
எனக்கு உள்ளே பத்திரம், வெளியேதான் வினை. 10 நிமிடத்தில் எடுத்துத் தொட்டால் பஞ்சாக அமுங்கியது. வேகவில்லை என்று திரும்பத் தள்ளி இன்னும் 8 நிமிடம். ஆறினதும் கல். அப்பா கடுங்காப்பியில் முக்கினார், கடித்தார், மறுபடி முக்கினார். மூன்றாவது தடவை ஒன்றும் பேசாமல் சாஸரில் போட்டார். ணங்.

மார்த்தாண்டம் அடுப்படி:
தக்கலை அக்கா, மன்னிக்கணும், அவசரம் இல்லை காரணம். அரை கப் பீனட் பட்டருக்கு அரை கப் பொடித்த சர்க்கரை சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். நெல்லிக்காயைவிடச் சின்னதாக உருட்டி 30 நிமிடம் ஃப்ரீசரில் வைக்கணும். முந்திரிக்கொத்து உருண்டை கையில் உதிராமல் நிற்குமே, அந்தப் பதம். மாவைச் சுற்றி மூடின இடம் தெரியாமல் தேய்க்கணும். குளச்சல் அண்ணன் சொல்வதும் சரியில்லை. கோக்கோ மாவு சிவந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. 180 டிகிரியில் ஓரம் இறுகி நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்து, தட்டிலேயே ஆறவிட்டால் தானாக இறுகும். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். 24 டிகிரியில் உருகிவிடும், நம்ம ஊரில் அது எந்நேரமும் தண்ணீர்தான். எனக்கு 16 உருண்டையும் பரவி ஒரே தோசையாச்சு. அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

திங்கள்நகர் வாசகி:
எனக்கு எல்லாம் சரியாக வந்தது. பக்கத்து வீட்டுப் பையன், 6 வயது, ஓடி வந்தான். சாக்லேட் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பாதி தின்றவன் உதட்டைத் தேய்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, வாய் அரிக்குது" என்றான். சத்தம் கேட்டு அவன் அம்மா வந்து, கையில் மிச்சம் இருந்ததைப் பிட்டுப் பார்த்தாள். "கடலையா வச்சிய?" அதற்குள் உதடு வீங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினோம், ஊசி போட்டார்கள், ராத்திரி சரியாகிவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்?

மார்த்தாண்டம் அடுப்படி:
அதற்குத்தான் மேலே ஒரு நிலக்கடலைப் பருப்பைப் பதிக்கச் சொல்வது. அப்புறம், வெண்ணெய் உப்பில்லாததாக இருந்தால்...

தக்கலைக்காரி:
வெண்ணெயை விடுங்கள் தம்பி. அக்கா, அந்தப் பையன் இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறானா?

திங்கள்நகர் வாசகி:
வருகிறான். வாசலிலேயே நின்று, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டபிறகுதான் கை நீட்டுகிறான். நேற்று முறுக்குக்கும் கேட்டான்.