காரை ஸ்டார்ட் செய்ததும் வரும் இனிப்பு வாடை: கசிவைக் கண்டறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் பெட்ரோல் காரைக் காலையில் ஸ்டார்ட் செய்து ப்ளோயரைப் போட்டதும், பாகு காய்ச்சுவதைப் போன்ற இனிப்பு வாடை டேஷ்போர்டின் காற்றுத் துவாரங்கள் வழியே வருகிறது. சில நிமிடங்களில் குறைந்துவிடுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில், துடைத்தால் இழுபட்டுப் பரவும் பிசுபிசுப்பான படலம் ஒன்று படிகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும், இனிப்பு வாடையுள்ள திரவமான கூலன்ட்டின் அளவும் மெல்ல இறங்குகிறது. ஆனால், வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. டிப்ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் வெளுத்துக் கலங்கவும் இல்லை.

எங்கள் மெக்கானிக், ஹெட் கேஸ்கெட்தான் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலன்ட் எஞ்சினுக்குள் எரிந்தால் வாடை புகையில் அல்லவா வர வேண்டும்? ஊட்டிக்குப் போனாலொழிய நாங்கள் ஹீட்டரைத் தொடுவதில்லை என்றாலும், பல கார்களில் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருந்து, கூலன்ட்டின் சூட்டால் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) வழியே கூலன்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால், கசிவு அங்கேதான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

டேஷ்போர்டைக் கழற்றும் முன், எஞ்சின் ஆறிய நிலையில் பிரஷர் டெஸ்ட் (கூலன்ட் ஓடும் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைப் பார்ப்பது) செய்தால் இது உறுதியாகுமா? ஹீட்டருக்குச் செல்லும் இரு ஹோஸ்களையும் தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்து, வாடை நிற்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது பாதுகாப்பானதா? குழந்தைகளும் பயணம் செய்யும் வண்டி என்பதால், இந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பது குறித்தும் கவலையாக இருக்கிறது. இதே பழுதைச் சரிசெய்தவர்கள், ஹீட்டர் கோரை மாற்றினீர்களா, ஹோஸ் இணைப்பை இறுக்கியதிலேயே தீர்ந்ததா, கூலி எவ்வளவு ஆனது என்பதைத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.