புல்தரையில் தண்ணீர் லாரி: கிராஸ் பேவர் தாங்குமா, பேவர் பிளாக்கே போட வேண்டுமா?

வளாகப் பொருளாளர்:
பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில் உள்ள எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் பின்புறம் ஒரு புல்தரை இருக்கிறது. கீழ்நிலைத் தொட்டியை நிரப்ப வரும் தண்ணீர் லாரி தினமும் அதைக் கடந்துதான் போகிறது. விடுமுறை நாள்களில் விருந்தினர் கார்களும் அங்கேதான் நிற்கின்றன. சென்ற வடகிழக்குப் பருவமழையில் லாரியின் பின்சக்கரங்கள் புதைந்து, ஜேசிபி வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. இப்போது அங்கே புல்லும் இல்லை, சமதரையும் இல்லை. சக்கரத்தடங்களில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுவதுதான் மிச்சம். முழுவதையும் பேவர் பிளாக் போட்டு மூடிவிடலாம் என்பது என் கருத்து. துளைகளுக்குள் புல் வளர இடம் விடும் கிராஸ் பேவரைப் பதித்தால் புல்லையும் காப்பாற்றலாம் என்று குடியிருப்போர் சிலர் சொல்கிறார்கள். செலவு செய்துவிட்டு ஓராண்டில் அதையும் பெயர்க்க நேருமோ என்று அஞ்சுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

அருகம்புல்:
மறுக்கிறேன். சக்கரம் இலையை நசுக்குவதால் மட்டும் புல் சாவதில்லை. ஈரக் களிமண்மீது பாரம் ஏறும்போது மண்துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் தங்கும் நுண்வெளிகள் அடைபட்டுவிடுகின்றன; வேருக்குக் காற்று கிடைப்பதில்லை, மழைநீரும் கீழே இறங்காமல் மேலேயே நிற்கிறது, அடுத்த லாரி வரும்போது அந்தச் சேறு இன்னும் ஆழமாகப் பிதுங்குகிறது. மழை விட்டுத் தரை சற்றுக் காய்ந்ததும் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரைத் தடத்தில் குத்திப் பாருங்கள், முனை இறங்கவே பாடுபடும். ஓரடி தள்ளிக் குத்தினால் கைப்பிடிவரை போய்விடும்.

சுமையை மண்ணிடம் கொடுக்காமல் சட்டகத்திடம் கொடுப்பதுதான் கிராஸ் பேவரின் வேலை. சிமென்ட் கட்டையானாலும் தேன்கூடு வடிவப் பிளாஸ்டிக் தட்டானாலும் சக்கரம் அதன் விளிம்பில் உருளும், கண்ணறைக்குள் இருக்கும் மண் இறுகாது. ஆனால் அறையை முழுக்க நிரப்பிவிடக் கூடாது. புல்லின் வளர்முனை மண்மட்டத்தை ஒட்டியே இருப்பதால், மண் விளிம்பைவிடச் சில மில்லிமீட்டராவது தாழ்ந்திருந்தால்தான் அது பிழைக்கும். "நிறைவாகத் தெரியட்டும்" என்று தலைதட்ட நிரப்பிக் கொடுக்கும் ஒப்பந்ததாரர்களால்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. விலைக்கு நீர் வாங்கும் வளாகம், தன் தரையில் விழும் நீரைச் சாக்கடைக்கு அனுப்பச் செலவு செய்வதா?

பழைய சாலைக்காரன்:
அருகம்புல் அவர்கள் சொன்னது அத்தனையும் காருக்குப் பொருந்தும். இங்கே வழக்கு லாரியைப் பற்றியது. இரண்டு அச்சு லாரிக்கு நம் நாட்டில் அனுமதித்த மொத்த எடை 18.5 டன். பன்னிரண்டாயிரம் லிட்டர் நீரோடு வருவது கிட்டத்தட்ட அந்த அளவைத் தொடும். பின் அச்சில் மட்டும் 11 டன் அளவுக்கு இறங்கும். சிறிய காரின் ஓர் அச்சில் ஏறத்தாழ 0.7 டன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து, அச்சுச் சுமை கூடக்கூடச் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் பெருகும் என்ற விதி கிடைத்தது. தார், கான்கிரீட் சாலைகளுக்கு வகுத்த அந்த விதியைப் புல்தரைக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனாலும் கணக்குப் போட்டால் லாரியின் பின் அச்சு ஒருமுறை கடப்பது, கார் அச்சு ஒன்று ஏறத்தாழ அறுபதாயிரம் முறை கடப்பதற்குச் சமமாகிறது. பாதிப் பிழை என்று தள்ளினாலும் மீதி எத்தனை என்று பாருங்கள்.

சட்டகம் சுமையைச் சுமக்கிறது என்பதும் அரைப் பேச்சுதான். சட்டகம் அந்தச் சுமையைக் கீழே கடத்துகிறது. பரப்பித் தாங்குவது அடியில் உள்ள ஜல்லிப் படுகை. கார் மட்டும் நிற்கும் நல்ல தரையில் 150 மி.மீ. படுகை போதும் என்று வைத்துக்கொண்டாலும், நனைந்த களிமண்ணில் தினசரி லாரிக்கு அதைப்போல இருமடங்குக்கு மேல் போக வேண்டும். அந்தப் படுகையைத் தூளில்லாத ஜல்லியால் அமைத்தால்தான் நீர் இறங்கும். இறங்கிய நீரைக் களிமண் உறிஞ்சாமல் அடியில் தேக்கி, தானும் இளகிப்போகும். அதை வெளியேற்றத் துளைக்குழாய் வேண்டும், ஜல்லிக்குள் களிமண் பிதுங்காமல் இருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, தொட்டியருகே ஓட்டுநர் வண்டியை நிறுத்தியபடியே ஸ்டியரிங்கை ஒடிப்பார். சக்கரம் அதே இடத்தில் திருகும்போது எந்தப் புல்லும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

ஜூரோங்வாசி:
சிங்கப்பூரின் தீப்பாதுகாப்பு விதிகள், தீயணைப்பு வண்டி செல்லும் வழியில் வலுவான துளைப்பலகைகளைப் பதிக்க இடம் தருகின்றன. புல் மூடிய வழியின் எல்லை தெரியும்படி ஓரத்தில் அடையாளம் இருக்க வேண்டும். அடுக்குமாடிகளை ஒட்டி இப்படிப்பட்ட பச்சை வழிகளைப் பார்க்கலாம். ஆகவே லாரி என்றாலே முடியாது என்பது சரியன்று.

பழைய சாலைக்காரன்:
ஐயா, அந்தப் புல் பச்சையாக இருப்பதற்குக் காரணமே அதன்மேல் வண்டி வராததுதான். எப்போதோ ஒருமுறை வரும் வண்டியையும் தினமும் அதே தடத்தில் வரும் வண்டியையும் ஒரே தட்டில் வைக்கலாமா? ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஊரை, சித்திரை வெயிலில் சிமென்ட் கட்டை சுட்டுத் துளையிலுள்ள மண்ணை உலர்த்திவிடும் சென்னையோடு ஒப்பிடவும் முடியாது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் உயர்ந்த கட்டடங்களைச் சுற்றியுள்ள தரை 45 டன் தீயணைப்பு வண்டியைத் தாங்க வேண்டும் என்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் படுகையைக் கணக்கிட வேண்டும்.

அருகம்புல்:
படுகையைப் பற்றிச் சொன்னீர்களே, அது பேவர் பிளாக்குக்கு மட்டும் தேவையில்லையா? நம் தெருக்களில் போட்ட பேவர் பிளாக் எத்தனை இடங்களில் அமுங்கி, மழைக்குப் பின் மிதித்தால் இடுக்கு வழியே சேற்றைப் பீய்ச்சுகிறது என்று பார்க்கிறோம். எதைப் போட்டாலும் அடியில் தோண்டாமல் தப்ப முடியாது. அந்தச் செலவைப் புல்லின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

லாரித்தடத்தில் புல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. லாரி வந்து திரும்பும் பகுதிக்கு மட்டும் 80 மி.மீ. பேவர் பிளாக்கோ கான்கிரீட்டோ போடுங்கள். மீதி இடம் கார்களுக்குத்தானே? அங்கே பிளாஸ்டிக் தட்டு, மணலும் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்த நிரப்பு, அதில் அருகம்புல் போதும். கொரியன் புல் அழகுக்கு நன்று, ஆனால் அடிபட்டால் மெதுவாகத்தான் தேறும். அருகு தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்காலும் வெற்றிடத்தை மூடிக்கொள்ளும். ஒரே கார் நாள்கணக்கில் நகராமல் நிற்காதவாறு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளாகப் பொருளாளர்:
மதில் ஓரத்து வரிசையில் ஏழு மாடி நிழல் விழுகிறது. அருகம்புல் வெயில் இல்லாமல் வளராது என்பது எனக்கே தெரியும். தண்ணீர் பாய்ச்சுவது யார், வெட்டுவது யார்? காவலாளிகளின் தலையில்தான் அது விழும்.

அருகம்புல்:
நிழல் வரிசையில் புல்லே வேண்டாம். அதே தட்டைப் பதித்துக் கண்ணறைகளைச் சிறு ஜல்லியால் நிரப்பிவிடுங்கள்; மழைநீர் அப்போதும் இறங்கும். வேர் பிடிக்கும்வரை வண்டி ஏற்றாமல் தினமும் நீர் விட வேண்டும் என்பது உண்மை. அதனால் வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிட்டால் பெரும்பாலும் மழையே பார்த்துக்கொள்ளும்.

பழைய சாலைக்காரன்:
லாரித்தடத்தைப் பிரித்துவிட்டால் எனக்கு ஆட்சேபம் பெருமளவு குறைகிறது. இரண்டுக்கும் நடுவில் கெர்ப் கல் (ஓரத் தடுப்புக் கல்) கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் திரும்பும் லாரி பிளாஸ்டிக் தட்டின் விளிம்பில் ஏறி முதல் மழையிலேயே அதைப் பெயர்த்துவிடும். லாரித்தடத்தின் நீர் புல் பக்கம் வழியாதபடி சரிவை வெளிப்புறம் வையுங்கள்.

வளாகப் பொருளாளர்:
பராமரிப்பு பற்றிய ஐயம் எனக்குத் தீரவில்லை. எனினும் இரண்டு முறைக்கும் தனித்தனியே விலைப்புள்ளி கேட்கிறேன். படுகையின் ஆழம், ஜல்லியின் அளவு, துணி, குழாய், நிரப்பு மண்ணின் மட்டம் ஆகியவற்றை எழுத்தில் தராமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லும் விலைப்புள்ளி எதுவானாலும், பேவர் பிளாக்குடையதே ஆனாலும், பொதுக்குழுவில் எதிர்த்து வாக்களிப்பேன்.